நம்பக்கூடிய எண்

ஒட்டுசுட்டான் கமநல நிலையத்து மதிலோரம்
ஒரு மேசை, இரண்டு கதிரை, மேலே தறப்பாள்.
கடிதம் ஒன்றுக்கு இருநூறு ரூபா.
போட்டோப் பிரதி எடுக்கச் சந்திக்குப் போகவேண்டும்.

தை பிறந்தால் எல்லாம் யானைக் கடிதம்.
யானை தின்ற வயலுக்கு நட்டஈடு உண்டு.
கட்டாக்காலி மாடு தின்றால்
மாட்டுக்காரனோடு சண்டை மட்டும்தான்.
ஆகவே எங்கள் பக்கத்தில்
மாடுகள் எதையும் தின்பதில்லை.

எனக்குத் தொழில் தெரியும்.
கடனை முதற் பந்தியில் வைப்பேன்,
பிள்ளைகளை மூன்றாவதில்.
'தயவாய்' பக்கத்துக்கு ஒன்று.
இரண்டு போட்டால் வாசிப்பவருக்குச் சந்தேகம் வரும்.
இரண்டு ஏக்கர் என்று எழுதமாட்டேன்;
ஒன்றேமுக்கால் என்றால்
அளந்தவன் பேசுவதுபோல் இருக்கும்.

தெய்வேந்திரத்துக்கு நாலு பக்கம் எழுதினேன்.
பதினொரு யானை என்றார்.
இருட்டில் எப்படி எண்ணினீர்கள்?
"நல்ல நிலவு" என்றார்.
கலண்டரைப் பார்த்தேன்.
அந்தத் திகதியில் கறுப்பு வட்டம்.
ஏழு என்று எழுதினேன்.
ஏழு நம்பக்கூடிய எண்.

வெள்ளிக்கிழமை யோகமலர் வந்தாள்,
கையில் உரப்பை.
அதற்குள் வேரோடு மூன்று நெல்தூர்.
வேரில் மண் இல்லை.
"மாடெண்டால் நுனியைக் கடிக்கும்.
இது பிடுங்கி, காலில அடிச்சு, மண்ணை உதறித் தின்டிருக்கு."
பிறகு ஒரு சணல் கயிறு, ஓரிடத்தில் முடிச்சு.
விடிய ஐந்தரைக்கு, மழை வர முதல்
சேற்றில் கிடந்த காலடியைச் சுற்றி வைத்து அளந்தது.
"இந்த நீளத்தில ரெண்டு மடங்கு அதின்ர தோள் உயரம்"
என்று சொல்லி
தன் தலைக்கு மேலே எட்டிக் கை வைத்துக் காட்டினாள்.

எத்தனை யானை கண்டனீங்கள்?
"காணேல்ல. சத்தம் கேட்டனான்.
நாய் குரைக்கேல்ல, கட்டிலுக்குக் கீழ வந்து படுத்திட்டுது.
கண்டதெண்டு எழுதாதேங்கோ."

எழுதாமல் விட்டேன்.

"வடக்கு மூலை மாடு தின்டது.
அதையும் போடுங்கோ. அதுக்குக் காசு வேண்டாம்."
அதைச் சொன்னால் உங்கட பக்கம் பலவீனமாகும் என்றேன்.
"ஏன்?
பார்க்க வாறவர் வடக்கு மூலையையும் பார்ப்பார்தானே."

அரைப் பக்கம்தான் வந்தது.
அதில் அசைக்க ஒரு சொல் இல்லை.
நூறு ரூபா மட்டும் வாங்கினேன்.

இரவு தகரப் பெட்டியைத் திறந்தேன்.
தம்பிக்காக எழுதிய கடிதம்.
ஆணைக்குழு மாற மாற
திகதியை மாற்றி அனுப்புவது.
'ஓமந்தையில் பேருந்தில் ஏற்றப்பட்டதைக்
கண்ட சாட்சி உண்டு.'
நல்ல வசனம். என்னுடையது.

யார் கண்டது?
விசுவமடுவில் ஒருவர் மச்சானுக்குச் சொன்னார்,
நீலச் சேட்டுப் போட்ட ஒரு பெடியன் ஏறினான் என்று.
சேட்டு அவர் சொன்னது.
பெயர் நாங்கள் போட்டது.

பழைய பிரதிகளை வரிசையாக விரித்தேன்.
முதற் கடிதத்தில் வெறும் நீலம்.
மூன்றாவதில் கடும் நீலம், இடப்பக்கம் பை.
ஐந்தாவதில் அவன் திரும்பிப் பார்த்துக்
கை காட்டுகிறான்.
பொய் சொன்ன ஞாபகம் எனக்கில்லை.
கை வலித்த ஞாபகம் உண்டு.

தம்பியிடம் நீலச் சேட்டு இருந்தது.
முள்ளியவளைக் கடையில் நான் வாங்கியது.
இது உறுதி.
அன்றைக்கு அதைத்தான் போட்டிருந்தானா?
காணேல்ல.

'கண்ட சாட்சி உண்டு' என்பதை வெட்டி
'கேள்விப்பட்டோம்' என்று எழுதினேன்.
பையை வெட்டினேன். கடும் நீலத்தை வெட்டினேன்.
வெட்ட வெட்டக் கடிதம்
யோகமலருடையதைப் போல அரைப் பக்கமானது.
ஆனால் அவளிடம் ஒரு கயிறு இருந்தது.

கை காட்டுகிற வரி மட்டும்
இன்னும் அப்படியே கிடக்கிறது.
பேனையில் மை இருக்கிறது.
விடியட்டும், வெட்டுகிறேன்.